இதய நோயாளிக்குச் சர்க்கரை வருமா? ரத்த அறிக்கை முன்பே சொல்லும்

ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவர் பிரஷர் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் தவறாமல் போடுகிறார். ‘சுகர் இல்லை’ என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. சிலமலை, போடி வட்டாரத்தில் இதில் கூடுதல் ஆபத்து உண்டு. ஏலத்தோட்டத்தில் மேடு ஏறி இறங்கிய உடம்பு, நெஞ்சுவலிக்குப் பின் வீட்டோடு முடங்கிவிடுகிறது.

சுவீடனில் சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரியாத 181 மாரடைப்பு நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்துச் சோதித்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, மூன்றில் இரண்டு பேருக்குச் சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ இருந்தது. முக்கியமான ஒரு காரணம், இன்சுலின் சுரந்தும் தசையும் கல்லீரலும் அதை ஏற்காத நிலை. அதே நிலை ரத்தக் குழாயையும் கெடுக்கிறது.

எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை, மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முன்நிலை. ரத்தசோகை இருந்தால் சராசரி எண் ஏமாற்றலாம். அப்போது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனை கைகொடுக்கும். அதில் 140 முதல் 199 வரை முன்நிலை. கொழுப்பு அறிக்கையில் ட்ரைகிளிசரைடு ஏறி, நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்கியிருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். லூசின், வாலின் போன்ற அமினோ அமிலங்கள், சர்க்கரை நோய் வருவதற்கு 12 ஆண்டுகள் வரை முன்பே ரத்தத்தில் கூடிவிடுவதை 2011இல் அமெரிக்க ஆய்வு கண்டது. ஆனால் அந்தச் சோதனைக்கான செலவு நமக்குத் தேவையில்லை.

ஒரு இஞ்சு டேப்பே நிறையச் சொல்லும். சென்னை மருத்துவர் வி. மோகன் குழு 2005இல் வகுத்த இந்திய அபாய மதிப்பெண்ணில் 60ஐத் தொட்டால் அதிக ஆபத்து. வயது 52 (30), இடுப்பு 94 செ.மீ. (10), தாய்க்குச் சர்க்கரை (10) உள்ள ஆண் தோட்டத்தில் கடுமையாக உழைத்தவரை 50தான். உழைப்பு நின்று உட்கார்ந்துவிட்டால் 30 கூடி 80 ஆகிறது.

தடுக்க வழி உண்டு. முன்நிலையில் இருந்தவர்களுக்கு உணவும் நடையும் மாறியதில் ஆபத்து சுமார் 28 சதவீதம் குறைந்ததாக, 2006இல் வெளியான சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவின் ஆய்வு காட்டியது. ஸ்டாட்டின் மாத்திரை சர்க்கரை வாய்ப்பைச் சற்றே கூட்டினாலும், இதயத்துக்கு அது தரும் காவல் பெரிது, நீங்களாக நிறுத்தாதீர்கள். எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்க்கரையைச் சோதித்து, பழைய அறிக்கையோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.