ஜியோலைட்: ஓட்டையில் இருக்கிறது சரக்கு

2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜன் செறிவூட்டி என்ற கருவியின் பெயர் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்துபோனது. கட்டிலருகே வைக்கும் சிறு பெட்டி. மின்சாரம் கொடுத்தால் மூக்குக்குழாயில் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் வரும். இது ஆக்சிஜனை எதிலிருந்து தயாரிக்கிறது என்று அப்போது பலரும் கேட்டார்கள். உண்மையில் இந்தக் கருவி எதையும் தயாரிப்பதில்லை. அறைக் காற்றை உள்ளே இழுத்து, அதிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை நோயாளிக்குத் தருகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். நைட்ரஜனை எடுத்துவிட்டால் எஞ்சுவது பெரும்பாலும் ஆக்சிஜன்தான். ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் ஆர்கானும் கூடவே வந்துவிடும். அதனால்தான் இக்கருவிகளின் ஆக்சிஜன் 95, 96 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது.

நைட்ரஜனைப் பிடிப்பவை, பெட்டிக்குள் இரண்டு உருளைகளில் அடைத்திருக்கும் வெளிர்நிற மணிகள். அவைதான் ஜியோலைட். ஓர் உருளைக்குள் அழுத்திய காற்றைச் செலுத்தினால் நைட்ரஜன் மணிகளில் ஒட்டிக்கொள்ளும்; ஆக்சிஜன் மறுமுனையில் வெளியே வரும். சில நொடிகளில் மணிகள் நிரம்பிவிடும். உடனே காற்று அடுத்த உருளைக்கு மாறும். முதல் உருளையில் அழுத்தம் இறங்கியதும் நைட்ரஜன் கழன்று வெளியேறிவிடும். கருவி சில நொடிகளுக்கு ஒருமுறை ‘புஸ்’ என்று விடுவது அந்த நைட்ரஜனைத்தான். மருத்துவமனை வளாகங்களில் அந்த ஆண்டு எழுந்த பெரிய ஆக்சிஜன் ஆலைகளும் இதே முறையில் இயங்குபவையே. அவற்றுக்காக மே மாதம் ரோமிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் ஜியோலைட் வந்திறங்கியது. பார்வைக்குக் களிமண் உருண்டை போன்ற ஒரு பொருளுக்காக விமானம் போக வேண்டியிருந்தது!

அந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறது? ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள், நான்முகியின் நான்கு முனைகளில். ஒவ்வொரு முனையையும் பக்கத்து நான்முகியும் பகிர்ந்துகொள்கிறது. வெண்கல்லான குவார்ட்சும் இப்படிக் கட்டப்பட்டதுதான். ஆனால் அதில் நான்முகிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஜியோலைட்டில் அவை வளையங்களாகவும் கூண்டுகளாகவும் இணைந்து, நடுவே வெற்றிடம் விட்டுவைக்கின்றன. கூண்டுகளுக்கு இடையிலுள்ள வாசல்களின் அகலம் ஏறத்தாழ 0.3 முதல் 1 நானோமீட்டர் வரை, அதாவது சிறு மூலக்கூறுகளின் அளவு. படிகம் என்பதால், ஒரு குறிப்பிட்ட வகை ஜியோலைட்டில் வாசல்களின் அளவு இடத்துக்கு இடம் மாறாமல் ஒழுங்காக இருக்கும். கரியும் சிலிக்கா ஜெல்லும் கூடத் துளைகள் நிறைந்தவைதான், ஆனால் அவற்றின் துளைகள் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். உள்ளே இருக்கும் சுவர்களை எல்லாம் விரித்துப் போட முடிந்தால், சில வகை ஜியோலைட்டில் ஒரே ஒரு கிராம் இரண்டு கிரவுண்டு மனைக்கு மேல் இடம் பிடிக்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. சில நான்முகிகளில் சிலிக்கானுக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்திருக்கும். சிலிக்கானுக்கு நான்கு நேர்மின்னூட்டம், அலுமினியத்துக்கு மூன்று. அப்படி ஒவ்வொரு அலுமினியத்தாலும் சட்டகத்தில் ஓர் எதிர்மின்னூட்டம் மிஞ்சிவிடுகிறது. அதைச் சரிக்கட்ட சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற அயனிகள் கூண்டுக்குள் வந்து தங்குகின்றன. சட்டகத்தோடு இறுகப் பிணைக்கப்படாததால் இவற்றை எளிதில் மாற்றிவிடலாம். ஒன்றை வெளியேற்றினால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். ஜியோலைட் செய்யும் வேலைகள் அத்தனையும் இந்த இரண்டிலிருந்து வருபவை: அளவெடுத்த வாசல், மாற்றக்கூடிய அயனி.

இதை ‘மூலக்கூறுச் சல்லடை’ என்று சொல்வது வழக்கம். பாதிதான் பொருத்தம். ஆக்சிஜன் செறிவூட்டியில் பயன்படும் 13எக்ஸ் போன்ற வகைகளின் வாசல் சுமார் 0.7 நானோமீட்டர். நைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டுமே அதில் பாதிதான். இரண்டும் தாராளமாக உள்ளே போகும். அங்கே சலிப்பு எதுவும் நடப்பதில்லை. கூண்டிலுள்ள அயனிகளின் மின்புலம் ஆக்சிஜனைவிட நைட்ரஜனை வலுவாக இழுக்கிறது, அவ்வளவே. அதே மின்புலம் நீராவியை இன்னும் பல மடங்கு வலுவாக இழுக்கும். நைட்ரஜனைப் போல, அழுத்தம் குறைந்தவுடன் நீர் கழன்றுவிடாது, இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் மாதக்கணக்கில் மூலையில் கிடந்த செறிவூட்டியை அவசரத்துக்கு எடுக்கும்போது, ஆக்சிஜன் அளவைச் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

நீர் மீதான இந்த மோகம்தான் ஜியோலைட்டை முதலில் காட்டிக்கொடுத்தது. 1756-இல் ஸ்வீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்செல் கிரான்ஸ்டெட் ஒரு கனிமத்தை ஊதுகுழல் நெருப்பில் காட்டியபோது அது கொதிப்பதுபோல நுரைத்தது. கூண்டுகளில் இருந்த நீர் ஆவியாக வெளியேறியது. நீரை இழந்த பிறகும் சட்டகம் இடிந்துவிடாமல் நிற்பது இதன் தனித்தன்மை. ஆறவிட்டால் மறுபடி நீரை ஏற்றுக்கொள்ளும்.

நம் நாட்டில் ஜியோலைட்டைப் பார்க்க மகாராஷ்டிரம் போக வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பரவிய எரிமலைக் குழம்பு இறுகியபோது வாயுக் குமிழிகள் அதில் பொந்துகளாக நின்றுவிட்டன. பாறையில் ஊறி வந்த நீர் அந்தப் பொந்துகளில் ஸ்டில்பைட், ஹியூலண்டைட், ஸ்கோலசைட் போன்ற படிகங்களை வளர்த்தது. புனே, நாசிக் வட்டாரத்துக் கல்குவாரிகளில் கிடைக்கும் இவை உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். நாசிக் அருகே சின்னரில் உள்ள கர்கோட்டி அருங்காட்சியகத்தில் ஒரே இடத்தில் பார்க்கலாம். அழகுதான், ஆனால் ஆலைக்கு அழகு உதவாது. ஆலைக்கு வேண்டியது டன் கணக்கில், ஒரே தரத்தில். அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் ராபர்ட் மில்டன் 1940-களின் இறுதியில் சோடியம் சிலிகேட்டையும் சோடியம் அலுமினேட்டையும் காரக் கரைசலில் சேர்த்து, நீர் கொதிக்கும் அளவுக்குச் சூடேற்றி, சில மணி நேரத்தில் புதிய ஜியோலைட்டுகளை உருவாக்கினார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிப்பதுதான் அவர் தொடங்கிய காரியம். 1954-இல் அவை விற்பனைக்கு வந்தன.

அவற்றில் ‘ஏ’ வகையை வைத்து அயனியின் விளையாட்டைப் புரிந்துகொள்ளலாம். கூண்டில் சோடியம் இருந்தால் வாசல் சுமார் 0.4 நானோமீட்டர். சோடியத்தை எடுத்துவிட்டுப் பருத்த பொட்டாசியத்தை வைத்தால், அது வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, அகலம் 0.3 ஆகச் சுருங்குகிறது. கால்சியத்தை வைத்தால் இரண்டு சோடியத்துக்கு ஒரு கால்சியம் போதும். வாசலில் கூட்டம் குறைந்து 0.5 ஆக விரிகிறது. சட்டகம் ஒன்றே, வாசல்கள் மூன்று. இதில் பொட்டாசிய வகைக்கு இப்போது நல்ல கிராக்கி. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் 95 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியதும் நீரும் சாராயமும் சேர்ந்தே ஆவியாகும். அதற்கு மேல் பிரியாது. அந்த ஆவியைப் பொட்டாசிய வகை மணிகள் வழியே விட்டால், நீர் மூலக்கூறு உள்ளே நுழைந்துவிடும். எத்தனால் வாசலைவிடப் பெரியது, வெளியிலேயே நிற்கும். சல்லடை என்ற பெயர் இங்கேதான் முழுமையாகப் பொருந்துகிறது. எத்தனால் ஆலைகளில் ‘மாலிகுலர் சீவ்’ என்று சொல்வது இதைத்தான்.

அதே ‘ஏ’ வகை சலவைத் தூளிலும் இருக்கிறது. நீரின் கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. ஏரிகளில் பாசி பெருகக் காரணமான பாஸ்பேட்டுக்கு மாற்றாக ஐரோப்பாவில் இது இடம்பிடித்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ‘ஒய்’ வகையின் கூண்டுகளில் சோடியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அயனியை வைத்து அமிலமாக்கி, கனமான எண்ணெயின் நீண்ட மூலக்கூறுகளை உடைக்கிறார்கள். 1960-களிலிருந்து உலகின் பெட்ரோலில் பெரும்பங்கு இந்த வகை வினையூக்கிகளைத் தொட்டுவிட்டே வருகிறது.

அணு உலைக் கழிவுநீரிலும் இதற்கு வேலை உண்டு. கிளினோப்டிலோலைட் போன்ற இயற்கை ஜியோலைட்டுகள் சோடியத்துக்கு நடுவே இருக்கும் சீசியத்தைத் தேடிப் பிடிக்கும். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு வளாகத்தில் 1985 முதல் இது நடக்கிறது. புகுஷிமா விபத்துக்குப் பிறகு கட்டட அடித்தளங்களில் ஜியோலைட் மூட்டைகளை இறக்கினார்கள். சீசியத்தைப் பிடிக்கும் வேலையை அவை நன்றாகவே செய்தன. பின்னர் அந்த மூட்டைகளே மனிதர் நெருங்க முடியாத கதிர்வீச்சு மூலங்களாகிவிட்டன. ஜியோலைட் எதையும் அழிப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது.

எல்லா வகையும் சாதுவல்ல. துருக்கியின் கப்படோக்கியா பகுதியிலுள்ள துஸ்கோய், கரைன் ஆகிய கிராமங்களில் நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்தது. காரணம், வீடு கட்டிய கல்லிலும் மண்ணிலும் இருந்த எரியோனைட் என்ற இழை வடிவ ஜியோலைட். சலவைத் தூளில் இருப்பது அது அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் ‘உடலின் நச்சை எல்லாம் உறிஞ்சி எடுக்கும்’ என்று இணையத்தில் விற்கப்படும் ஜியோலைட் பொடியை வாங்கிக் குடிப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எந்த நச்சு, எந்த வகை, எவ்வளவு என்று சொல்லாத பொடி அது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம் உண்டு: ரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தவர்களுக்காக 2018-இல் அமெரிக்கா அனுமதித்த சோடியம் சிர்கோனியம் சைக்ளோசிலிகேட். ஜியோலைட்டின் உறவுக்காரப் பொருள் இது. பொட்டாசியத்துக்கு அளவெடுத்த வாசலுடன் உருவாக்கி, நோயாளிகளிடம் சோதித்த பிறகே மருந்தானது.

நம் கடற்கரையில் அதிகம் புழங்கும் ஜியோலைட், இறால் குட்டைகளில் கொட்டப்படுவது. அம்மோனியாவை எடுக்கும் என்று சொல்லித்தான் மூட்டை விற்கிறது. நன்னீரில் அது உண்மையே: கிளினோப்டிலோலைட் அம்மோனியம் அயனியை விரும்பி ஏற்கும். வண்ண மீன்களைப் பையில் கட்டி நெடுந்தூரம் அனுப்பும்போது இது நன்றாகவே உதவும். ஆனால் இறால் வளர்வது உப்பு நீரில். கடல்நீரின் உப்பில் பாதி கூட இல்லாத குட்டையிலும் லிட்டருக்கு நான்கைந்து கிராம் சோடியம் இருக்கும். அம்மோனியாவோ ஒன்றிரண்டு மில்லிகிராம். ஓர் அம்மோனியத்துக்கு ஆயிரக்கணக்கான சோடியம் அதே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும். அம்மோனியம் நிரம்பிய ஜியோலைட்டை மறுபடி பயன்படுத்தத் தயார்செய்ய அதை உப்புக் கரைசலில்தான் ஊறவைப்பார்கள். அந்த உப்புக் கரைசலையே இங்கே குட்டையாக வைத்துக்கொண்டு, அதில் ஜியோலைட்டைப் போடுகிறோம்.

போட்டியே இல்லாத நன்னீர் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கும். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஏக்கர் குட்டையில் 40 லட்சம் லிட்டர் நீர். அதில் அம்மோனியா நைட்ரஜனை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குறைக்க வேண்டுமானால் நான்கு கிலோவை வெளியே எடுத்தாக வேண்டும். நல்ல தரமான கிளினோப்டிலோலைட் ஒரு கிலோ, ஏட்டளவில் அதிகபட்சமாக 30 கிராம் பிடிக்கும். அப்படியானால் ஒரே ஒரு முறைக்கு 130 கிலோவுக்கு மேல் வேண்டும். நடைமுறையில் அதன் பல மடங்கு. மறுநாள் காலைத் தீவனத்தோடு அம்மோனியா மீண்டும் ஏறத் தொடங்கிவிடும். மூட்டைக்குச் செலவழிக்கும் பணத்தை ஏரேட்டர் ஓடும் மின்சாரத்துக்கும், தீவனத்தட்டைப் பார்த்து மிச்சம் விழாமல் தீவனத்தைக் குறைப்பதற்கும், கார அமில நிலையை அளக்கும் கருவிக்கும் திருப்பிவிடுவது மேல். அம்மோனியாவின் நஞ்சு காரத்தன்மை ஏற ஏறக் கூடும் என்பதால், பிற்பகலில் அந்த அளவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.