சூடு கண்டால் மங்கும் மஞ்சள்

ஒரே மாதிரியான 5 மில்லிமீட்டர் மஞ்சள் எல்.இ.டி. இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். 20 மில்லி ஆம்பியர் தாங்கக்கூடிய அவற்றில் ஒன்றுக்கு 80 கொடுத்து முதலில் எரியவிடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து மற்றதையும் அதே மின்னோட்டத்தில் போடுங்கள். புதிதாக எரிவது பளிச்சென்றிருக்கும். முந்தையது மங்கி, நிறமும் லேசாக ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும். அதன் கால் கம்பியைத் தொட்டால் சுடும். பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸைக் கம்பியில் ஒற்றினால் போன வெளிச்சம் திரும்பும்.

கணக்கு எளிது. 2.2 வோல்ட், 80 மில்லி ஆம்பியர் என்றால் 0.18 வாட் அளவு. இத்தனூண்டு மின்சாரம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் எபாக்சிக்குள் புதைந்த சிப்பின் சூடு வெளியேற மெல்லிய கால் கம்பியைத் தவிர வழியில்லை. ஒரு வாட்டுக்குச் சுமார் 300 டிகிரி ஏறும். ஆக, அறைவெப்பத்துக்கு மேல் 50 டிகிரி.

இதையே நீலத்தில் செய்தால் சூட்டினால் வரும் இழப்பு சொற்பம். காரணம், வரப்பு. எலெக்ட்ரான்கள் மெல்லிய அடுக்கு ஒன்றில் தேங்கி நின்றால்தான் ஒளி பிறக்கும். சிவப்பும் மஞ்சளும் தரும் அலுமினியம், இண்டியம், காலியம், பாஸ்பரஸ் கலவையில் அந்த அடுக்கைச் சுற்றிய வரப்பு தாழ்வு. மஞ்சளில் இன்னும் தாழ்வு. சூடேறிய எலெக்ட்ரான்கள் அதைத் தாண்டி, ஒளி தராமலே ஓடிவிடும். நீலத்தின் நைட்ரைடு கலவையில் வரப்பு உயரம். சிப் 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் நீலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும், சிவப்பு மூன்றில் ஒரு பங்கை, மஞ்சள் பாதியையே.

அதற்காக நீலம் உத்தமன் என்று எண்ண வேண்டாம். மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட, குளிர்ச்சியாக வைத்திருந்தாலும் அதன் திறன் சரியும். அது வேறு நோய்.

மூன்று நிறம் கலந்து வெள்ளை காட்டும் மேடை விளக்குகளில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். தொடக்கத்தில் வெள்ளையாக இருந்த திரை, விளக்குக்குள் சூடேறியபின் நீலம் போட்ட வேட்டிபோல் ஆகிவிடும். நல்ல விளக்குகளில் வெப்ப உணரி பார்த்துச் சரிசெய்யும். மற்றவற்றில், யாராவது ஆபரேட்டரிடம் போய் “அண்ணே, நீலத்தைக் கொஞ்சம் இறக்குங்க” என்று சொல்ல வேண்டியதுதான்.