பந்தில் இருப்பது யார் கையெழுத்து?

ஒரு பழைய தோல் பந்து. ஒரு கையில் அடங்கிவிடும். அதன் விலை 8 லட்சத்து 5 ஆயிரம் டாலர்!

2006-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் அந்தப் பந்து இந்த விலைக்குப் போயிற்று. பந்துக்குள் தங்கம் இல்லை, வைரம் இல்லை. எல்லாப் பந்துகளையும் போல நூலும் தோலும்தான். ஆனால் அதன்மேல் பேப் ரூத் தம் கையால் போட்ட கையெழுத்து இருந்தது.

பேஸ்பால் என்பது அமெரிக்கர்களின் உயிருக்கு உயிரான ஆட்டம். நம் ஊர் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ஒருவர் பந்தை எறிவார். இன்னொருவர் உருண்டையான கட்டையால் அடிப்பார். அந்த ஆட்டத்தில் பேப் ரூத் ஒரு சக்கரவர்த்தி. 1933-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, சிகாகோ நகரில் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதிய முதல் போட்டி நடந்தது. அதில் ரூத் ஓங்கி அடித்துக் கூட்டத்துக்குள் அனுப்பிய பந்துதான் அது.

ரூத் 1948-ல் காலமானார். இனி அவர் புதிதாக ஒரு கையெழுத்துப் போட முடியாது. போட்டுவிட்டுப் போனவற்றுக்கு ஏகக் கிராக்கி!

கிராக்கி உள்ள இடத்தில் கள்ளச் சரக்கு வராமல் இருக்குமா?

கடையில் கண்ட காட்சி

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் சான்டியேகோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்த நகரத்தின் பேட்ரஸ் அணியில் டோனி க்வின் என்பவர் 1982 முதல் 2001 வரை ஆடினார். 20 ஆண்டுகளும் ஒரே அணி. அடிப்பதில் முதல்வர் என்ற பட்டத்தை 8 முறை வாங்கியவர். ஊருக்கே செல்லப்பிள்ளை.

தம் அணியின் மைதானத்துக் கடையிலேயே, தம் கையெழுத்துடன் பொருள்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதை அவர் பார்த்தார். உற்றுப் பார்த்தார். பெயர் அவருடையது. எழுத்து அவருடையது அல்ல!

தெருமுனைக் கடையாக இருந்தால் யாரும் கொஞ்சம் யோசித்து வாங்குவார்கள். இது சொந்த மைதானம். தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வரும் சிறுவன், இங்கே போய் மோசடி இருக்கும் என்று நினைப்பானா?

விஷயம் எப்.பி.ஐ. என்ற அமெரிக்கத் துப்பறியும் இலாகாவுக்குப் போயிற்று.

ஜப்பான் வியாபாரி

சிகாகோ நகரில் ஏற்கெனவே ஒரு போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்த அனுபவம் எப்.பி.ஐ.க்கு உண்டு. சான்டியேகோவில் 1997-ல் வேட்டை தொடங்கியது. அதற்கு "புல்பென்" என்று பெயர் வைத்தார்கள். பந்து எறிபவர்கள் கையைப் பழக்கிக்கொள்ளும் இடத்துக்குப் பேஸ்பாலில் அந்தப் பெயர். "பென்" என்றால் பேனா என்றும் பொருள் உண்டே! பெயர் வைத்தவர் குறும்புக்காரர்தான்.

துப்பறிவாளர் ஒருவர் வியாபாரி வேஷம் போட்டார். கையெழுத்துப் பொருள்களை வாங்கி ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்வதாகச் சொன்னார். சரக்கு கடல் தாண்டிப் போய்விட்டால் உள்ளூரில் மாட்டிக்கொள்ளும் பயம் குறைவுதானே? மோசடிக்காரர்கள் தாராளமாகப் பேசினார்கள். பேசியதெல்லாம் சாட்சியாயிற்று.

1999 அக்டோபரில் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடந்தது. அதில் வெளியானவை வேடிக்கையும் வேதனையும் கலந்த செய்திகள்.

ஒரு குடும்பம். பிள்ளை எழுதுவதில் சூரன். யார் கையெழுத்தைக் காட்டினாலும் அப்படியே எழுதிவிடுவான். கூடப் பிறந்தவனும் பெற்றோரும் அதற்கு உடந்தை! குடும்பத் தொழில் என்பது இப்படியும் இருக்கிறது.

பேப் ரூத் கையெழுத்துப் போட்ட பந்து என்றால் பழசாக இருக்க வேண்டும் அல்லவா? பந்தின்மேல் அரக்கு வார்னிஷ் பூசிப் பழுப்பு நிறம் ஏற்றினார்கள். பழைய வாடை வருவதற்கு நாய்த் தீனிப் பைக்குள் போட்டு வைத்தார்கள். அதை வாங்கியவர் பந்தை முகர்ந்து பார்த்து, "ஆகா, அந்தக் காலத்துப் பந்து!" என்று பூரித்திருப்பார். பாவம்.

அகப்பட்ட பொருள்களில் இன்னொன்றும் இருந்தது. அன்னை தெரசாவின் கையெழுத்து உள்ள பேஸ்பால் பந்து! கல்கத்தாவின் ஏழைகளுக்காகவே வாழ்ந்த அம்மையார் எப்போது பேஸ்பால் பந்தைத் தேடிப் போனார்? அதைக்கூட விற்க முடியும் என்று நினைத்திருக்கிறார்கள்.

வேட்டை முடிந்தபோது 18 கும்பல்கள் ஒழிக்கப்பட்டிருந்தன. 63 பேர் மீது குற்றம் உறுதியாயிற்று. பெரிய ஆட்டக்காரர்களின் பெயரில் அந்தச் சமயம் விற்ற கையெழுத்துகளில் பாதிக்கு மேல் போலி என்பது எப்.பி.ஐ.யின் மதிப்பீடு.

சான்றிதழும் பொய்

"சான்றிதழ் கொடுத்தார்களே!" என்று வாங்கியவர்கள் கேட்டார்கள்.

கொடுத்தார்கள்தான். வழுவழுப்பான காகிதம், பொன்னிற ஓரம், முத்திரை எல்லாம் இருந்தன. ஆனால் சான்றிதழ் அச்சடித்தவனும் போலிப் பந்தை விற்றவனும் ஒரே கூட்டம். கையெழுத்தையே பொய்யாக எழுதுகிறவனுக்கு ஒரு காகிதம் அச்சடிக்க எத்தனை நேரம் ஆகும்?

நிபுணர்கள் காகிதத்தை நம்புவதில்லை. பந்தைத்தான் பார்க்கிறார்கள்.

பேப் ரூத் ஆடிய அமெரிக்கன் லீக் பந்துகளில், அவ்வப்போது இருந்த லீக் தலைவரின் கையெழுத்து அச்சாகியிருக்கும். ஜோ குரோனின் என்பவர் தலைவரானது 1959-ல். அவர் பெயர் அச்சான பந்தில் பேப் ரூத்தின் கையெழுத்து இருந்தால்? 1948-ல் இறந்தவர் எழுந்து வந்து போட்டிருக்க வேண்டும்!

பேனாவும் காட்டிக்கொடுக்கும். பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945-ல். இப்போது ஆட்டக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் ஷார்ப்பி மார்க்கர் வந்தது 1964-ல். 1930-ல் போட்ட கையெழுத்து என்று சொல்லிப் பால்பாயின்ட் எழுத்தைக் காட்டினால், மேலே விசாரிக்க வேண்டியதே இல்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது எழுத்து. தன் பெயரை எழுதுகிறவன் யோசிப்பதில்லை. கை தானாக ஓடும். கோடு வேகமாகக் கிளம்பி மெலிந்து முடியும். பிறர் பெயரைப் பார்த்து எழுதுகிறவன் படம் வரைகிற மாதிரி வரைவான். கை தயங்கும் இடத்தில் மை திட்டாக நிற்கும். கோடு நடுங்கும். இரண்டு கையெழுத்துகள் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்தாலும் சந்தேகம்தான். வங்கியில் கையெழுத்துச் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குத் தெரியும், நம் கையெழுத்தே இரண்டு முறை ஒன்றாக வராது!

இத்தனை பார்த்தும் நிபுணர்கள் ஏமாறுவது உண்டு. ஆட்டக்காரருக்கு அலுப்பாக இருந்தால், உடைமாற்றும் அறையில் வேலை செய்யும் பையனே அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. பந்து உண்மை, ஆண்டு உண்மை, கொடுத்தவரும் யோக்கியர். எழுத்து மட்டும் வேறு ஆள்!

பக்கத்தில் ஒரு சாட்சி

புல்பென் வேட்டைக்குப் பிறகு, பெரிய பேஸ்பால் லீக் 2001-ல் ஒரு புது ஏற்பாடு செய்தது. ஆட்டக்காரர் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் ஒருவர் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்களில் பலர் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர்கள். பார்த்ததும் அவர் பந்தில் மின்னும் ஒட்டுச்சீட்டை ஒட்டுவார். அதில் ஓர் எண் இருக்கும். உரித்து வேறு பந்தில் ஒட்டப் பார்த்தால் சீட்டு சிதைந்துவிடும். பந்தை வாங்குகிறவர் அந்த எண்ணை லீகின் பதிவில் பார்த்து, எந்தப் பொருள், யார் போட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

கண்ணால் பார்க்காத எதற்கும் சீட்டு இல்லை. தாத்தா வைத்திருந்த பந்து, பேப் ரூத்தே கொடுத்தது என்று கண்ணீர் விட்டுச் சொன்னாலும் கிடையாது. பழைய பந்து வைத்திருப்பவர்கள் இன்றும் நிபுணர்களின் பூதக்கண்ணாடியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாடு தொடங்கிய 2001-ம் ஆண்டுதான் டோனி க்வின் ஆடிய கடைசி ஆண்டு. 2007-ல் அவருக்குப் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. 2014-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, 54-வது வயதில், புற்றுநோயால் காலமானார்.

அவர் பெயர் எழுதிய பந்துகள் இன்றும் விலைக்கு வருகின்றன. கையில் எடுத்துப் பார்த்து, இது தம் எழுத்து அல்ல என்று சொல்ல அவர் இல்லை.