வழுக்கைக்குத் தண்ணீர் காரணமா?

முடி கொட்டத் தொடங்கியதும் நாம் முதலில் பழி போடுவது தண்ணீர் மீதுதான். அடுத்து ஹெல்மெட், ஷாம்பு. உப்புத் தண்ணீரால் முடி வறண்டு சிக்காகலாம். ஆனால், நெற்றி ஓரங்கள் ஏறி, உச்சந்தலை தெரியத் தொடங்கும் பரம்பரை வழுக்கைக்கு இவை எதுவும் காரணமல்ல. மயிர்க்காலுக்குள்தான் காரணம் இருக்கிறது.

தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, பிறகு உதிர்கிறது. அதே மயிர்க்காலில் புது முடி முளைக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பே. பரம்பரை வழுக்கையிலோ, சுற்றுக்குச் சுற்று மயிர்க்கால் சுருங்குகிறது. முளைக்கும் முடி முந்தையதைவிட மெல்லியதாக, குட்டையாக வருகிறது. தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் கருவியை உச்சந்தலையில் வைத்துப் பார்த்தால், தடித்த முடிகளுக்கு நடுவே பூனைமுடி போன்ற இழைகள் கலந்து தெரியும். இந்த நோய்க்கு முக்கியமான அடையாளம் அது.

மயிர்க்காலைச் சுருக்குவது எது? பருவ வயதுக்கு முன்பே விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று 1942-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டினார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தியபோது, அவர்களில் வழுக்கை மரபு உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்கு முடி உதிர்ந்தது. ஆக, ஹார்மோனும் மரபும் சேர்ந்தால்தான் வழுக்கை. தாய்மாமனைப் பார்த்து மருமகனுக்கு ஆரூடம் சொல்வதில் பாதி உண்மை உண்டு. முக்கியமான ஒரு மரபணு தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மற்ற பல மரபணுக்கள் பெற்றோர் இருவர் வழியாகவும் வருகின்றன.

அடுத்த தடயம் டொமினிகன் குடியரசின் சாலினாஸ் கிராமத்தில் கிடைத்தது. டெஸ்டோஸ்டிரோனை வீரியம் மிக்க டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி அங்கு சில ஆண்களுக்குப் பிறவியிலேயே குறைவாக இருந்ததை ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் 1974-ல் வெளியிட்டனர். அந்த ஆண்களுக்கு வயதான பிறகும் நெற்றி ஏறவில்லை. அதே நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரைக்கு, ஆண்களின் வழுக்கைச் சிகிச்சைக்காக 1997-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

இன்னொரு மருந்தான மினாக்ஸிடில், முதலில் ரத்த அழுத்த மாத்திரை. உட்கொண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததால், தலையில் தடவும் மருந்தாக 1988-ல் அது உருமாறியது. தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு சற்று கூடலாம். பயந்து நிறுத்திவிடக் கூடாது. பலன் தெரிய 4 முதல் 6 மாதங்கள் ஆகும். இரண்டு மருந்துகளுமே பயன்படுத்தும்வரைதான் பலன் தரும். ஃபினாஸ்டிரைடால் சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம், மனச்சோர்வு வரலாம். கர்ப்பிணிகள் அதை உட்கொள்ளவே கூடாது. பின்னந்தலை முடி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனுக்கு எளிதில் பணியாது. முடி மாற்று அறுவை சிகிச்சைக்கு அடிப்படை அதுதான்.

பெண்களுக்கு நெற்றி ஏறுவது குறைவு, வகிடு அகலமாகும். அவர்கள் தைராய்டு, இரும்புச்சத்து, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றையும் பரிசோதிக்க வேண்டும். கடும் காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ 2, 3 மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு வகை. பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

வழுக்கை உயிருக்கு ஆபத்தில்லாததுதான். ஆனாலும், இருபதுகளில் முடி இழப்பவரின் மனவேதனை உண்மையானது. கேலி செய்வது கொடுமை. அந்த வேதனையைத்தான் அதிசய எண்ணெய் விளம்பரங்கள் காசாக்குகின்றன. முற்றிலும் சுருங்கிய மயிர்க்காலை மருந்தால் மீட்பது கடினம். எண்ணெய் மாற்றி எண்ணெய் தேய்த்து ஆண்டுகளை வீணாக்காமல், முடி மெலியத் தொடங்கும்போதே தோல் மருத்துவரைப் பாருங்கள்.