இமைக்காத முகங்கள்

வில்லியனூருக்கு வடமேற்கே, மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்த திருக்கனூரில், பிரஞ்சுக்காரர் காலத்தில் வேரூன்றியதாகச் சொல்லப்படும் காகிதக்கூழ் பொம்மைத் தொழில் இன்றும் நடந்துவருகிறது. கழித்துப்போட்ட காகிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்து, அரைத்துக் கூழாக்கி, அதனோடு சுண்ணப்பொடியும் மாவுப்பசையும், பூச்சி அரிக்காதிருக்கும் பொருட்டுச் சிறிது மயில்துத்தமும் சேர்த்துப் பிசைந்து, களிமண்ணில் வனைந்த மூல உருவத்திலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் எடுத்துவைத்த அச்சுக்குள் அழுத்தி, வெயிலில் உலர்த்தி, இரு பாதிகளையும் ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து வர்ணம் தீட்டினால் பொம்மை ஒன்று பிறக்கிறது. வில்லியனூரின் சுடுமண் வேலையைப் போலவே இந்தத் தொழிலும் புவிசார் குறியீடு பெற்றது. களிமண் மூலம், அச்சு, அச்சுக்குள் பிறக்கும் முகம் என்ற இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால், அமெரிக்கச் சினிமாவில் வேற்றுக்கிரகப் பிராணிகள் எவ்வாறு சிருஷ்டிக்கப்பட்டன என்பதில் பாதி விளங்கிவிடும். அப்படிச் சிருஷ்டிக்கப்பட்ட ஒரு பிராணிக்கூட்டம் வெள்ளித்திரையில் ஜயக்கொடி நாட்டிவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்ததும் ஏன் சோர்ந்துபோயிற்று என்பதற்கும் அந்த வரிசையிலேயே காரணம் இருக்கிறது.

1977-இல் ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் மூன்றாவது படமான ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ 1983 மே மாதம் வெளிவந்தது. விண்கலங்களும் ஒளிவாள்களும் நிறைந்த அந்தப் படத்தின் பிற்பாதியில், எண்டோர் என்னும் காட்டுநிலவில், மூன்றடி உயரத்தில் உடலெங்கும் ரோமமும் தலையில் தோல் முக்காடுமாக, ஈட்டியும் கவணும் ஏந்திய ஒரு குள்ளக் கூட்டம் மரங்களின் மறைவிலிருந்து வெளிப்பட்டு, மகா சாம்ராஜ்யம் ஒன்றின் படையைக் கல்லாலும் கட்டையாலும் திணற அடிக்கிறது. அவர்களே ஈவாக்குகள். குழந்தைகளுக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. குழந்தைப் பருவத்தைக் கடந்த ரசிகர் பலர் முகஞ்சுளித்தனர். குழந்தைகள் பக்கம் நின்ற லூகாஸ், அந்தக் காட்டுவாசிகளுக்கென்றே தனிக்கதை ஒன்றைப் புனைந்து, தொலைக்காட்சிக்கென்றே எடுத்த படமாக 1984 நவம்பர் 25 அன்று ஏபிசி அலைவரிசையில் வெளியிடச் செய்தார்; ஓராண்டு கழித்து, 1985 நவம்பர் 24 அன்று, இரண்டாவதும் வந்தது. முதலாவதை ஜான் கோர்ட்டியும், இரண்டாவதை ஜிம் வீட், கென் வீட் என்ற சகோதரர் இருவரும் இயக்கினர். அமெரிக்காவுக்கு வெளியே முதற்படம் ‘கேரவன் ஆஃப் கரேஜ்’ என்ற பெயரில் திரையரங்குகளிலும் ஓடியது.

இனி அந்த முகத்துக்கு வருவோம். களிமண்ணில் பிராணியின் முகத்தை வனைந்து அச்செடுப்பது வரையில் திருக்கனூருக்கும் கலிபோர்னியாவுக்கும் பேதமில்லை. அதற்குமேல், காகிதக்கூழுக்குப் பதிலாக, இரப்பர்ப் பாலை இரசாயனங்களுடன் சேர்த்து, இட்லிமாவு பொங்குவதுபோல நுரைத்துப் பொங்கும்வரை அடித்து, அச்சுக்குள் ஊற்றி, அடுப்பில் மிதமான சூட்டில் பல மணி நேரம் வேகவைத்து எடுக்கிறார்கள். கையால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் மீளும் தோல் ஒன்று கிடைக்கிறது. அதன்மேல் ரோமத்தைப் பதித்து, கண்ணைப் பொருத்தி, ரோம உடையோடு சேர்த்து, உள்ளே ஒரு மனிதரை நுழைத்துவிட்டால் பிராணி நடமாடத் தொடங்குகிறது. உள்ளே இருப்பவர் படும் பாடு தனி. வியர்வையை உறிஞ்சி நேரத்துக்கு நேரம் கனக்கும் அந்த உடைக்குள், சிறு துவாரங்களின் வழியே தவிர வேறு எதையும் பார்க்க இயலாத நிலையில், அவர் ஓடவும் குதிக்கவும் மரமேறவும் வேண்டும்.

ஈவாக்குகளில் முக்கியமானவனான விக்கெட்டாக நடிக்க முதலில் குறிக்கப்பட்டவர், ஆர்2-டி2 என்ற யந்திரத்துக்குள் இருந்து புகழ்பெற்ற கென்னி பேக்கர். படப்பிடிப்பு வேளையில் அவருக்கு உடல்நலம் குன்றவே, பதினோரு வயதே நிரம்பியிருந்த வார்விக் டேவிஸ் என்னும் இங்கிலாந்துச் சிறுவனுக்கு அந்தப் பாத்திரம் வந்து சேர்ந்தது. அசைவற்ற முகமூடிக்குள் மாட்டிக்கொண்ட அந்தப் பிள்ளை கண்டுபிடித்த உபாயம் மிகவும் எளியது. தன் வீட்டு நாய், பழக்கமில்லாத எதையாவது காணும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிறகு மறுபக்கம் சாய்த்துப் பார்ப்பதை அவன் கவனித்திருந்தான். அதையே விக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டான். போதாக்குறைக்கு முகமூடியின் வாய்வழியே தன் சொந்த நாக்கையும் அவ்வப்போது நீட்டிக் காட்டினான். முகத்தால் செய்ய முடியாததைக் கழுத்து செய்தது. இரப்பரால் செய்ய முடியாததை நாக்கு செய்தது. முகமூடி நடிப்பின் இலக்கணம் முழுவதும் இந்த இரண்டில் அடங்கிவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்த இலக்கணத்துக்குக் கால எல்லை ஒன்று உண்டு. தஞ்சை ஜில்லாவில் மெலட்டூர் பாகவத மேளத்தில் ‘பிரகலாத சரித்திரம்’ நடக்கும்போது, கோயிலில் பூஜையில் வைத்துப் பேணப்படும் நரசிம்ம முகமூடி, இரவெல்லாம் மனித முகங்களே பாடியும் பேசியும் கதையை நடத்திச் சென்றபின், விடியலை ஒட்டித்தான் வெளிப்படுகிறது. அது நெடுநேரம் பேசுவதில்லை, கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, சிரிப்பதில்லை. வந்தது, கர்ஜித்தது, முடித்தது. மாறாத முகம் ஒன்றைச் சபையோர் எவ்வளவு நேரம் பயபக்தியோடு பார்ப்பார்கள் என்பதை அந்தப் பெரியவர்கள் நன்றாக அளந்து வைத்திருந்தார்கள். 1983 படத்திலும் ஈவாக்குகளுக்கு ஏறக்குறைய இந்த மரியாதையே கிடைத்தது: மரத்தின் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தார்கள், கூச்சலிட்டார்கள், போரிட்டார்கள், காதலும் துயரமும் சந்தேகமும் மனித நடிகர்களின் முகங்களில் நிகழ்ந்துகொண்டிருந்தன. தொலைக்காட்சிப் படமோ அந்த முகமூடிகளைக் கதையின் நடுக்கூடத்தில் உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் குடும்பம் நடத்தச் சொல்கிறது. தகப்பன் ஈவாக் கவலைப்படுகிறான், தாய் ஈவாக் தேற்றுகிறாள், கிழ ஈவாக் குறி சொல்கிறான். மூவரின் முகத்திலும் ஒரே பாவம். சிறிய திரைக்கென்று எடுக்கப்படும் படத்தில் காமிரா முகத்தை நெருங்கியே தீரவேண்டும் என்பதால், குறை இரட்டிப்பாகிறது.

பாகூர்ப் பக்கத்தில் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த முதற்படத்தை ஒரு விடுமுறை நாளில் போட்டுக் காட்டினேன். அரக்கன் வரும் இடத்தில் வாயைப் பிளந்து பார்த்த ஒரு சிறுமி, ஈவாக் வீட்டுக் காட்சியில் திடீரென்று திரும்பி, “தாத்தா, இதுங்க ஏன் கண்ணையே சிமிட்ட மாட்டேங்குது?” என்றாள். விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் ஒரு வரியில் கேட்டுவிட்டாள். இந்தக் கேள்வி படைத்தவரையும் விடவில்லைபோலும். 2011-இல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ புளூ-ரே தட்டாக வெளிவந்தபோது, கணினி வரைகலையின் துணையால் ஈவாக்குகளுக்கு இமைகள் சேர்க்கப்பட்டன. இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு அவை கண் சிமிட்டின.

முதற்படத்தின் கதையில் குற்றம் சொல்ல அதிகமில்லை. நம் பாட்டிமார் சொல்லும் கதைதான். விண்கலம் உடைந்து எண்டோரில் விழுந்த ஒரு குடும்பத்தில், கோராக்ஸ் என்ற ராட்சதன் பெற்றோரைத் தூக்கிக்கொண்டு போய்விட, மேஸ் என்ற பையனும் சிண்டெல் என்ற சிறு தங்கையும் ஈவாக்குகளின் துணையோடு மலையும் பாலையும் கடந்து மீட்கப் போகிறார்கள். ஈவாக்குகள் பேசும் பாஷை, பென் பர்ட் என்ற ஒலிக்கலைஞர் கால்மிக் முதலிய மொழிகளின் ஓசைகளிலிருந்து உருவாக்கியது. அது குழந்தைகளுக்குப் புரியாது என்பதால், பர்ல் ஐவ்ஸ் என்ற பாடகர் மறைவிலிருந்து கதை சொல்லிக்கொண்டே வருகிறார். நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்யும் வேலையும் இதுவே. ஆயினும் கட்டியக்காரன் மேடையில் நிற்கிறான், கேலி பேசுகிறான், ராஜாவையே மடக்குகிறான், சபையில் தூங்குகிறவனை எழுப்புகிறான். ஐவ்ஸின் குரலோ இனிமையாக இருந்தும் கண்ணால் கண்டதையே மறுபடி காதிலும் ஓதுவதால், தூங்காதவனையும் தூங்க வைக்கிறது.

இவ்வளவு சொன்னபின் இந்தப் படங்களின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம். இரண்டு படங்களும் காட்சி ஜாலங்களுக்காக எம்மி விருது பெற்றவை. லூகாஸின் ‘இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மாஜிக்’ கூடத்தினர், குறைந்த பணத்தில் பெரிய உலகத்தைக் காட்டவேண்டிய நிர்ப்பந்தத்தில் அரிய சாமர்த்தியங்களைக் கையாண்டார்கள். அவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்லத் தகும். காட்டில் நடந்துபோகும் குழந்தைகளுக்குப் பின்னால் வானளாவிய கோட்டை தெரியவேண்டுமானால், கோட்டையைக் கட்ட முடியாது; சித்திரமாகத்தான் தீட்டவேண்டும். சித்திரத்தையும் நடிகர்களையும் தனித்தனியே படம்பிடித்துப் பின்னர் மூன்றாவது பிலிமில் ஒன்றாக நகலெடுப்பது வழக்கமான முறை. ஆனால் நகலுக்கு நகல் தெளிவு மங்கும்; செலவும் கூடும். ஆகவே, நடிகர்களைப் படம்பிடிக்கும்போதே, கோட்டை வரவேண்டிய பாகத்தை மட்டும் காமிராவின் முன்னால் கறுப்பு மறைப்பால் மூடிவிடுவார்கள். பிலிமின் அந்தப் பகுதியில் ஒளி படுவதில்லை. அந்தப் பிலிமைக் கழுவாமல் அப்படியே பத்திரப்படுத்தி, அந்த வெற்றிடத்துக்கு அச்சாகப் பொருந்தும்படி ஓவியர் கோட்டையைத் தீட்டி முடித்தபின், பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, முன்பு திறந்திருந்த பகுதியை இப்போது மூடி, மூடியிருந்த பகுதியைத் திறந்து, ஓவியத்தை அதிலேயே படம்பிடிப்பார்கள். இரண்டும் ஒரே மூலப் பிலிமில் அமைந்துவிடுவதால் தெளிவு குன்றுவதில்லை. காமிரா மயிரிழை அசைந்திருந்தாலும், மறைப்பின் ஓரம் ஒரு கோடாகத் தெரிந்து மாயம் கலைந்துவிடும். திரும்ப எடுக்க நடிகர்களும் இருக்கமாட்டார்கள், காட்டில் அன்றைய வெயிலும் இராது.

விலங்குகளின் விஷயத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. பொம்மையை ஓர் இம்மி நகர்த்தி ஒரு படம், மறுபடி ஓர் இம்மி நகர்த்தி மறு படம் என்று எடுத்து ஓட்டினால் பொம்மை உயிர்பெற்று நடக்கும். ஆனால் ஒவ்வொரு படத்திலும் அது அசையாமல் நின்றதால், நிஜப் பிராணி ஓடும்போது தெரியும் அந்த மெல்லிய மங்கல் இராமல், நடை வெட்டிவெட்டி இழுக்கும். இதைப் போக்க, காமிராவின் மூடி திறந்திருக்கும் நேரத்திலேயே பொம்மையை மோட்டார்கள் இணைந்த கோல்களால் நகர்த்தும் ‘கோ மோஷன்’ முறையை ஃபில் டிப்பெட் முதலியோர் 1980-களின் தொடக்கத்தில் இதே கூடத்தில் வளர்த்தெடுத்திருந்தார்கள். உலகத்திலேயே அந்த வித்தையைச் செவ்வனே அறிந்தவர்களின் கையில் இந்தப் படங்கள் இருந்தும், அதற்கான பணம் தொலைக்காட்சி வரவுசெலவில் இல்லாததால், பழைய வெட்டுநடைக்கே திரும்பவேண்டியதாயிற்று. ஓநாயும் பன்றியும் கலந்த அந்த மிருகம் தாவி வரும்போது குழந்தைகள் பயப்படத்தான் செய்கின்றன. கண் பழகியவர்களுக்கு மட்டும் உறுத்துகிறது.

இரண்டாவது படம் இதைவிடத் தேர்ந்தது என்பது என் அபிப்பிராயம். ஜொஹானா ஸ்பிரியின் ‘ஹைடி’ கதையில் அந்நாளில் லூகாஸின் மகள் மூழ்கியிருந்தாளாம். ஆகவே அநாதைச் சிறுமியும் சிடுசிடுத்த கிழவனும் என்ற அமைப்பு இதில் வந்து புகுந்தது. அந்தக் கிழவன் நோவாவாக நடித்த வில்ஃபோர்ட் பிரிம்லியின் முகம், முகமூடிகளுக்கு நடுவே அசையும் ஒரு முகம் கிடைத்த ஆறுதலை அளிக்கிறது. கொள்ளைக்கூட்டத் தலைவனான டெராக், விழுந்த விண்கலத்திலிருந்து ஒரு ‘சக்தி’யைக் கைப்பற்றி, அதை மந்திரம் என்று நம்பி, அதை இயக்கும் ரகசியத்தைச் சொல்லும்படி சிறுமி சிண்டெலை மிரட்டுகிறான். அது கலத்தை ஓட்டும் மின்கலமே அன்றி வேறில்லை. விஞ்ஞானக் கதையை விட்டு மாயாஜாலக் கதைக்குள் ஓடிய இந்த இரு படங்களிலும், விஞ்ஞானமும் மாயமும் ஒன்றையொன்று முகத்துக்கு நேரே பார்த்துக்கொள்ளும் இடம் இது ஒன்றே. இதையே மையமாக வைத்துக் கதையைக் கட்டியிருக்கலாம், கட்டவில்லை.

நம் தேசத்திலும் இந்தப் பாதை மிதிபட்டிருக்கிறது. 2003-இல் வந்த ‘கோயி... மில் கயா’ என்ற இந்திப் படத்தில், ஆஸ்திரேலியக் கலைஞர் ஜேம்ஸ் கோல்மர் உருவாக்கிய உடைக்குள் இந்திரவதன் புரோஹித் என்ற நடிகர் புகுந்து, ஜாதூ என்ற நீலநிற வேற்றுக்கிரகவாசியாக நாடெங்கும் குழந்தைகளைக் கவர்ந்தார். மறு வருஷமே நிக்கலோடியன் அலைவரிசையில் ‘ஜே போலே தோ ஜாதூ’ என்ற குழந்தைகள் தொடர் முளைத்தது. பெரும்படத்தில் மேகத்துக்கும் சூரியஒளிக்கும் நடுவே அளவாக வந்த விருந்தாளி, தொடரில் வாராவாரம் வந்துபோகும் பக்கத்துவீட்டுக்காரன் ஆகிவிட்டான். பெரும்படத்தை இன்னும் பேசுகிறார்கள். தொடரை நினைவுகூர்பவர்களைக் காண்பது அரிது. 2013-இல், அந்தப் படத்தைத் தொடர்ந்து வளர்ந்த வரிசையின் நாயகனைச் சிறுவனாக்கி, ‘கிட் க்ரிஷ்’ என்று கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொலைக்காட்சிப் படம் வந்தபோது, உடையை முற்றிலும் கைவிட்டு வரைகலைக்கே போய்விட்டார்கள். வரைந்த முகத்துக்குக் கண் சிமிட்டுவது சிரமமில்லை.

ஈவாக் படங்கள் இரண்டும் 2021 ஏப்ரலில் டிஸ்னியின் இணையத் திரைச்சேவையில் மீண்டும் வெளிவந்தன. இமை சேர்க்கும் சிகிச்சை இவற்றுக்கு மட்டும் கிட்டவில்லை. பிள்ளைகளுக்குக் காட்ட நினைக்கும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை: முதற்படத்தில் அவ்வளவு பாடுபட்டு மீட்கப்பட்ட தாயையும் தந்தையையும், உடன் நடந்த அண்ணனையும், இரண்டாவது படம் தன் தொடக்கத்திலேயே கொன்றுவிடுகிறது. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு முதலாவதைக் காட்டினால் போதும். அதிலும் ராட்சதனின் குகைக்கு முந்திய பாலைவன நடையைச் சற்று ஓட்டிவிடலாம்.