ரைட்டர் மேஜையில் தொலையும் வழக்குகள்

“கேஸ் போட்டுட்டாங்க தம்பி. ரசீதுகூடக் குடுத்திருக்காங்க” என்று சொல்லி அந்த அம்மா ஒரு தாளை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். அது சி.எஸ்.ஆர். ரசீது. மனு வாங்கிக்கொண்டோம் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்கு எதுவும் பதிவாகவில்லை.

நடந்தது இதுதான். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன், ஊர்த் தெரு வழியாக பைக்கில் வந்திருக்கிறான். டீக்கடை முன்பு நான்கு பேர் மறித்து, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். மறுத்ததால் அடித்தார்கள். அன்றிரவே தாயும் மகனும் காவல் நிலையம் போனார்கள். புகார் எழுதும் ரைட்டர் அவர்களை உட்காரவைத்துப் பேசினார். “பி.சி.ஆர். எல்லாம் எதுக்கும்மா? காலத்துக்கும் கோர்ட்டுக்கு அலையணும். நாளைக்கு ஊர்ல ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்க வேணாமா? ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி விட்டுருவோம்.”

மனுவில் எழுதப்பட்டிருந்தது “வாய்த்தகராறு, கைகலப்பு”. சாதிப் பெயர் சொன்னது இல்லை. வண்டியை விட்டு இறங்கச் சொன்னது இல்லை. மூன்றாம் நாள் எதிர்த்தரப்பு ஒரு புகார் கொடுத்தது. பையன் வேகமாக வந்து மோதப் பார்த்தான், தட்டிக்கேட்டவர்களை ஆபாசமாகப் பேசினான் என்று. அதற்கு அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். பதிவானது.

பிறகு மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பி, 11-ம் நாள்தான் அந்த அம்மாவின் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். கிடைத்தது. அதற்குள் டீக்கடை எதிரில் இருந்த கேமராவின் பழைய பதிவுகள் அழிந்து, புதிய பதிவுகள் ஏறிவிட்டன. டீக்கடையில் இருந்தவர்கள் “நான் அப்போ அங்க இல்லை” என்று சொல்லப் பழகிவிட்டார்கள். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி: “உண்மையிலேயே நடந்திருந்தால் 11 நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?”

தாமதம் செய்தது காவல் நிலையம். அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் அந்த அம்மா. வன்கொடுமை வழக்குகள் நீதிமன்றத்தில் தோற்கின்றன என்று பேசுகிறோம். அவற்றில் பல, நீதிமன்றத்துக்கு வரும் முன்பே, முதல் இரவில், ரைட்டர் மேஜையிலேயே தோற்றுவிடுகின்றன.

சட்டம் சொல்வது என்ன?

கிராமத்தில் இன்றைக்கும் “பி.சி.ஆர். கேஸ்” என்றுதான் சொல்கிறோம். அது 1955-ம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தால் வந்த பெயர். இப்போது நமக்குத் துணையாக இருப்பது 1989-ம் ஆண்டின் வன்கொடுமை தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைப் பலப்படுத்தியது. பொது இடத்தில் பட்டியலின மக்கள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பு, புத்தாடை அணிவதையும், கல்யாண ஊர்வலம் போவதையும் தடுப்பது குற்றம் என்று அந்தத் திருத்தம் வெளிப்படையாகவே எழுதியது. அந்த அம்மாவின் மகனுக்கு நடந்தது வெறும் வாய்த்தகராறு அல்ல. நாடாளுமன்றம் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட குற்றம்.

அதே திருத்தம் காவலர்களுக்கும் கடமைகளைப் பட்டியலிட்டது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்டவேண்டும். இந்தச் சட்டத்தின் உரிய பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போடவேண்டும். நகலை உடனே தரவேண்டும். 60 நாளுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவேண்டும். தாமதமானால் காரணத்தை எழுத்தில் சொல்லவேண்டும். பட்டியலினத்தைச் சேராத அரசு ஊழியர் இந்தக் கடமைகளை வேண்டுமென்றே தவறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஆனால் அந்த வழக்கைப் போடுவதற்கு முதலில் துறைரீதியான விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்றும் சேர்த்துவிட்டார்கள். தவறு செய்த அலுவலகமே தன் ஆளின் மீது பரிந்துரை செய்யவேண்டிய நிலையில், அந்தப் பிரிவு பெரும்பாலும் ஏட்டிலேயே தூங்குகிறது.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆர். போடும் முன் டி.எஸ்.பி. முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்தது. எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை, கைதுக்கு முன் அனுமதியும் தேவையில்லை என்பது அதன் சாரம். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று உறுதி செய்தது.

இப்போது புதிதாக ஒரு சந்து திறந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது உள்ளிட்ட பல வன்கொடுமைகளுக்கு அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டு. “புதுச் சட்டப்படி 14 நாள் விசாரித்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர்.” என்று எந்த நிலையத்திலாவது சொன்னால், 18-ஏ பிரிவைச் சொல்லுங்கள். வேறு சட்டத்தில் முரணாக எது இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று சொல்லும் 20-வது பிரிவையும் சொல்லுங்கள்.

ஏன் எழுத மறுக்கிறார்கள்?

ரைட்டர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட காவல் துறை நிலை அறிக்கை, 21 மாநிலங்களில் சுமார் 12,000 காவலர்களிடம் பேசி எழுதப்பட்டது. ஒரு காவலர் சராசரியாக ஒரு நாளில் 14 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்றது அந்த ஆய்வு. வன்கொடுமைப் புகார்கள் பொய்யானவை, உள்நோக்கம் கொண்டவை என்ற எண்ணம் காவலர்களிடம் இருப்பதையும் அது பதிவு செய்தது. களைத்துப்போனவர் முன்னால், ஏற்கெனவே நம்பத் தயாராக இல்லாதவர் முன்னால், நம் வீட்டுப் பெண் போய் நிற்கிறார்.

இன்னொரு காரணம் எண்ணிக்கை. வழக்கு குறைந்தால் நல்ல நிலையம், கூடினால் கெட்ட நிலையம் என்ற கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், தமிழ்நாட்டில் பட்டியலின மக்களுக்கு எதிராக 2021-ல் 1,377 வழக்குகள், 2022-ல் 1,761 வழக்குகள். இதைப் பார்த்து “வன்கொடுமை கூடிவிட்டது” என்று சிலர் எழுதுகிறார்கள். கூடியிருக்கலாம். இதற்கு முன் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலருடைய புகார் எழுதப்பட்டிருக்கவும் கூடும். எழுதப்படாத புகார் எந்தக் கணக்கிலும் வராது. எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வந்தால், குற்றத்தைக் குறைப்பதைவிடப் புகாரைக் குறைப்பது சுலபம்.

எழுதப்பட்டவையும் நிற்பதில்லை. இந்தச் சட்டத்தின்கீழ் நாடு முழுவதும் தண்டனை கிடைத்த விகிதம் 2020-ல் 39.2 சதவீதம். அது 2022-ல் 32.4 சதவீதமாக இறங்கியது என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. உடனே “பாருங்கள், மீதியெல்லாம் பொய் வழக்கு” என்பார்கள். டீக்கடைக் கேமராவின் பதிவை அழியவிட்ட வழக்கு தோற்றால் அது பொய் வழக்கா? டி.எஸ்.பி. விசாரிக்கவேண்டியதை இன்ஸ்பெக்டர் விசாரித்ததால் வன்கொடுமைப் பிரிவுகள் விழுந்தால் அது யார் பொய்?

லண்டனில் கற்ற பாடம்

இது நம் ஊர் நோய் மட்டும் அல்ல. 1993 ஏப்ரல் 22 இரவு, லண்டனின் எல்தம் பகுதியில் பேருந்துக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவரை வெள்ளை இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். உடனிருந்த நண்பரைப் போலீஸ் பாதிக்கப்பட்டவராகவே நடத்தவில்லை. முதல் மணி நேரங்கள் வீணாயின. அந்தத் தாய் தந்தையர் விடாமல் போராடியதால் சர் வில்லியம் மெக்பர்சன் தலைமையில் விசாரணை நடந்து, 1999-ல் அறிக்கை வந்தது. லண்டன் போலீஸில் இருப்பது சில கெட்ட காவலர்களின் வெறுப்பு மட்டுமல்ல, நிறுவனத்துக்குள்ளேயே ஊறிய இனவாதம் என்று அது சொன்னது.

அந்த அறிக்கையின் 70 பரிந்துரைகளில் ஒன்று நமக்கு மிகவும் பொருந்தும். பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், போலீஸ் அதை அப்படியே பதிவு செய்யவேண்டும். உண்மையா பொய்யா என்பது பிறகு விசாரணையில் தெரியட்டும். எழுதும் இடத்தில் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நம்முடைய 18-ஏ சொல்வதும் இதைத்தான். லாரன்ஸ் கொலையில் இருவருக்குத் தண்டனை கிடைத்தது 2012-ல். முதல் இரவில் தவறவிட்டதன் விலை 18 ஆண்டுகள்.

நம் மாநிலத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-ல் அந்தப் பழங்குடி மக்கள்மீது வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் நடத்திய கொடுமை, உயர் நீதிமன்ற உத்தரவால் 1995-ல் சி.பி.ஐ. கைக்குப் போன பிறகே வழக்காக நகர்ந்தது. 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2011-ல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். அப்போது பிறந்த பிள்ளைக்கு 31 வயது.

நாம் செய்யவேண்டியவை

புகாரை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். என்ன நேரம், எந்த இடம், யார் யார் பார்த்தார்கள், என்ன சொல் சொன்னார்கள் என்பதை அப்படியே எழுதுங்கள். சொல்லக் கூசும் வார்த்தையானாலும் எழுதுங்கள். பொதுமக்கள் பார்வையில் நடந்ததா என்பதை 2020-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமாக்கியிருக்கிறது. நான்கு சுவருக்குள் வேறு யாரும் இல்லாமல் திட்டியது அந்தப் பிரிவில் நிற்காது. அதனால் டீக்கடையில் இருந்தவர்களின் பெயர் முதல் நாளே தாளில் இருக்கவேண்டும்.

சாதிச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் எஃப்.ஐ.ஆர். என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அதைப் பிறகு கொடுக்கலாம். நிலையத்தில் மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். அதற்கு 1995-ம் ஆண்டு விதிகளின் 5-வது விதி வழி சொல்கிறது. புதிய சட்டப்படி மின்னணு முறையிலும் புகார் அனுப்பலாம். 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திடவேண்டும். 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். மாவட்டக் காவல் துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும்.

அக்கம்பக்கக் கடைகளில் கேமரா இருந்தால் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். பதிவைக் கைப்பற்றும்படி புகாரிலேயே கேளுங்கள். செல்போனில் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். எடுத்த போனை அப்படியே பத்திரமாக வைத்திருங்கள். காவல் நிலையங்களிலும் கேமரா இருக்கவேண்டும், ஒலியோடு பதிவாகவேண்டும், 18 மாதம், குறைந்தது ஓராண்டு பதிவு இருக்கவேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை நேரம் நின்றீர்கள் என்பதற்கு அந்தக் கேமராவும் சாட்சி.

எதிரிகள் ஜாமீன் கேட்கும்போது உங்களுக்கு அறிவிப்பு வரவேண்டும். உங்கள் தரப்பைக் கேட்கவேண்டும். இது சலுகை அல்ல, கட்டாயம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிவாரணமும் எஃப்.ஐ.ஆரோடு சேர்ந்தது. 2016-ம் ஆண்டு திருத்த விதிகளின்படி 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை உள்ள நிவாரணத்தில், பல குற்றங்களுக்கு முதல் தவணை எஃப்.ஐ.ஆர். பதிவானதுமே தரப்படவேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதுக்கு ஒரு ரூபாயும் வராது.

ஆட்சியர் கேட்கவேண்டிய கேள்வி

மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் எத்தனை வழக்கு, எவ்வளவு நிவாரணம் என்று கணக்குப் பார்த்துக் கலைகிறார்கள். இனி ஒரு பட்டியல் கேட்கட்டும். ஒவ்வொரு வழக்கிலும் சம்பவம் நடந்த தேதி, புகார் கொடுத்த தேதி, எஃப்.ஐ.ஆர். போட்ட தேதி. பட்டியலின மக்கள் கொடுத்த மனுக்களில் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றவை எத்தனை, ஏன். எதிர்ப்புகார் வந்த வழக்குகளில் யாருடையது முதலில் பதிவானது. இதற்குப் புதிய சட்டமோ நிதியோ வேண்டாம். எல்லாம் நிலையத்துப் பதிவேட்டிலேயே இருக்கிறது. குழுவில் நம் பக்கம் உட்காரும் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்டு, கேட்டதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதவைக்கவேண்டும்.

அந்த அம்மாவின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மகன் இப்போது ஊர்த் தெரு வழியாக வருவதில்லை. ஏரிக்கரையைச் சுற்றி வருகிறான். “வழக்கு முடியட்டும்னு இருக்கான் தம்பி” என்றார் அந்த அம்மா. மறித்தவர்கள் விரும்பியது அதைத்தான். தீர்ப்பு வரும் முன்பே அது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.