லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

நம் நாட்டில் ஒருவர் புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், அதன் விலையையும் நிறத்தையும் விசாரிப்பதற்கு முன்பாகவே அண்டை அயலார் கேட்கிற கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான். வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாலிபர்கள். பால்காரர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரையில், மாத வருமானத்தில் பெட்ரோலுக்கென்று ஒரு தொகையை எடுத்துவைத்து, மழையானாலும் வெயிலானாலும் வண்டியை எடுத்தே தீர வேண்டிய சாமானிய ஜனங்களுக்கோ வண்டியின் சகல குணங்களும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. அப்படிப்பட்டவர்களிலேயே சிலர், பெட்ரோல் பங்கில் நூறு சி.சி. வண்டியை நிறுத்தி, லிட்டருக்குப் பல ரூபாய் கூடுதலான பிரீமியம் பெட்ரோலைச் சுட்டிக்காட்டி, "அதையே போடு தம்பி, எஞ்சினுக்கு நல்லது" என்று சொல்வதைக் காண்கிறபோது, சிக்கனத்தின் இருப்பிடம் எது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியது அவசியம் என்றே தோன்றுகிறது.

முதலில் ஒரு கணக்கு, உத்தேசக் கணக்குத்தான். வண்டியும் ஆளுமாக 180 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, தரையில் உருளும் டயரின் தடையையும் மார்பில் மோதும் காற்றின் தடையையும் வெல்வதற்கு எஞ்சின் தர வேண்டியது ஏறக்குறைய ஒரே ஒரு குதிரைசக்தி. வேகத்தை 80-ஆக உயர்த்தினால் இரண்டு குதிரைசக்தி போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், ஆறு குதிரைசக்தி தேவைப்படுகிறது. பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறோம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், கிலோமீட்டர் ஒன்றுக்கு எஞ்சின் படும் பாடு மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தி சுமார் 32 மெகாஜூல். அதில் ஐந்தில் நாலு பங்கு சைலன்ஸர் வழியாகவும் சிலிண்டரின் மேலுள்ள இறக்கைகள் வழியாகவும் உஷ்ணமாக விரயமாகிறது என்று கொண்டாலும், மிஞ்சுகிற ஒரு பங்கு, நாற்பது வேகத்தில் வண்டியை 90 கிலோமீட்டர் இழுத்துச் செல்லப் போதுமானது. எண்பது வேகத்திலோ, பாரம் ஏறிய எஞ்சின் சற்றுத் திறமையாகவே வேலை செய்தாலும், நாற்பது கிலோமீட்டரைத் தொடுவது கடினம்.

பெட்ரோலை மாற்றாமல், எஞ்சினைத் தொடாமல், வலது கையின் திருகலை மட்டும் மாற்றியதனால் உண்டாகும் வித்தியாசம் இவ்வளவு. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு வேறொரு நஷ்டமும் உண்டு. நாற்பதில் வந்த வண்டியை சிக்னலில் ஒருமுறை நிறுத்தினால், 150 மீட்டர் தூரம் ஓடுவதற்கான சக்தி பிரேக் ஷூவில் சூடாகிக் கரைந்துபோகிறது. முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு உருண்டுபோய் நிற்கிறவருக்கும், கடைசி நிமிஷம் வரை விரட்டிவந்து பிரேக்கை மிதிக்கிறவருக்கும், ஒரே வண்டி இரண்டு வெவ்வேறு மைலேஜைக் கொடுப்பதில் ஆச்சரியம் ஏதும் இல்லை.

எஞ்சின் அமைப்பின் பங்கை உணர, நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். ஓசூரிலிருந்து 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1984-ல் இண்ட்-சுசுகி மோட்டார் சைக்கிளும், அடுத்த ஆண்டு வடக்கேயிருந்து யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் வந்தபோது, அவை எல்லாவற்றிலும் இருந்தது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். வால்வு முதலிய உறுப்புகள் இல்லாத அந்த எளிய யந்திரத்தில் ஒரு தீராத குறை உண்டு: எரிந்த புகை வெளியேறும் வாசலும், புதுக் கலவை உள்ளே நுழையும் வாசலும் சற்று நேரம் ஒன்றாகத் திறந்திருப்பதால், வந்த பெட்ரோலில் கணிசமான பாகம், சில நிலைகளில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட, எரியாமலேயே வெளியே போய்விடும். போதாக்குறைக்கு, எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெயையும் பெட்ரோலோடு கலந்தே எரிக்க வேண்டும். பங்குகளில் பெட்ரோல் பம்புக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குடுவையோடு நின்றிருந்த 2டி ஆயில் யந்திரத்தையும், லிட்டருக்கு 20 மில்லி என்று பையன் அதன் கைப்பிடியை அழுத்தி டாங்கில் விட்டுக் குலுக்குவதையும் நடுவயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அந்தக் காட்சியை மாற்றியது. பெட்ரோலை நிரப்பி மூடிவிட்டு மறந்துவிடலாம் என்று அதன் விளம்பரம் சொன்னது மிகையே என்றாலும், ஆதாரமற்ற மிகை அன்று. அதன் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனி வால்வுகள், தனித்தனி நேரங்கள். வந்த பெட்ரோல் எரியாமல் ஓடிப்போக வழி குறைவு. ஜப்பானில் சிறிய வண்டி என்றாலே டூ ஸ்ட்ரோக் என்று இருந்த காலத்தில், 1958-லேயே 50 சி.சி. சூப்பர் கப் வண்டிக்கு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைப் பொருத்திய சோய்சிரோ ஹோண்டாவின் பிடிவாதம், ஒரு தலைமுறை கழித்து நம் ஊர் மளிகைக்கடைக்காரரின் சட்டைப்பைக்கு லாபமாக வந்து சேர்ந்தது. மொபெட்டுக்குக்கூட அந்த எஞ்சின் வர 2015 ஆயிற்று. அந்த ஆண்டுதான் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வெளிவந்தது.

இனி அந்தப் பிரீமியம் பெட்ரோலுக்கு வருவோம். அதன் விலைக்குக் காரணமான ஆக்டேன் எண்ணை, பெட்ரோலின் பலத்தைக் காட்டும் எண் என்று எண்ணுவது பரவலான பிரமை. அது பொறுமையின் அளவு. சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை நெருக்கும்போது அது சூடேறுகிறது; ஸ்பார்க் பிளக் பொறி தட்டிய பிறகு, தீ ஒழுங்காகப் பரவி வந்து சேர்வதற்குள் ஒரு மூலையிலிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிட்டால், 'கிண் கிண்' என்று உலோகம் தட்டும் ஓசை கேட்கும். அவ்வாறு அவசரப்படாமல் தாக்குப்பிடிக்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும், உடனே வெடித்துவிடும் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்துக்கொண்டு, 91 பங்கும் 9 பங்குமாகக் கலந்த கலவையைப்போல நடந்துகொள்ளும் பெட்ரோலுக்கு 91 என்று எண் கொடுக்கிறார்கள். கலவையை 12 மடங்கு, 13 மடங்கு நெருக்கும் பந்தய வண்டிக்கு அந்தப் பொறுமை தேவை. ஒன்பது, பத்து மடங்கோடு நின்றுவிடும் நூறு சி.சி. எஞ்சினுக்கு 91-ஏ போதும். அதற்கு மேல் கொடுக்கும் காசுக்கு, சேர்க்கப்பட்டிருக்கும் சுத்திகரிப்பு ரசாயனங்களைத் தவிர வேறு பிரயோஜனம் இராது.

இதே விதியின் மறுபக்கத்தை யாழ்ப்பாணத்து மக்கள் மிகக் கடுமையான முறையில் கற்றுக்கொண்டார்கள். 1990-களில் பொருளாதாரத் தடையினால் பெட்ரோல் அருகிப்போய், கிடைத்ததெல்லாம் மண்ணெண்ணெய் என்றான காலத்தில், மோட்டார் சைக்கிள்களையும், ஆஸ்டின், மோரிஸ் மைனர் போன்ற பழைய கார்களையும் அவர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகையால் அரும்பொருளாய்ப் பாதுகாத்த பெட்ரோலில் சில துளிகளைக் கார்புரேட்டரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வார்கள். அந்தக் கார்களின் எஞ்சின்கள் கலவையை அதிகம் நெருக்காத பழைய அமைப்பு என்பதனாலேயே, ஆக்டேன் எண் மிகத் தாழ்ந்த அந்தத் திரவத்தை ஒருவாறு ஏற்றுக்கொண்டன. புகையும் நாற்றமும் அதிகம். பிளக்கில் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழேயிருக்கும் எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். வேறு வழியற்ற நிலையில் செய்த அந்தக் காரியத்தை, நாலு காசு மிச்சம் என்று பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து விற்கும் கயமையோடு சேர்த்துப் பேசக் கூடாது.

நம் காலத்து விவாதம் எத்தனாலைப் பற்றியது. 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் படிப்படியாகப் பரவிய, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தர நிர்ணயம் கேட்கும் ஆக்டேன் எண் 95. ஆக, பொறுமை கூடியிருக்கிறது, சக்தி குறைந்திருக்கிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட பழைய இருசக்கர வண்டிகளில் இதனால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது. அதாவது, அறுபது கொடுத்த வண்டி ஐம்பத்தெட்டு கொடுக்கும். அதைவிட அதிகமாகப் போயிற்று என்று புகார் செய்கிறவர்கள் முதலில் டயரில் காற்றையும் செயினின் தொய்வையும் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சி.என்.ஜி. என்ற வாயுவில் ஓடும் மோட்டார் சைக்கிளை உலகிலேயே முதன்முதலாக பஜாஜ் நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்டது. இருக்கைக்கு அடியில் இரண்டு கிலோ வாயு, அவசரத்துக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் என்ற ஏற்பாடு; பக்கத்தில் வாயு நிரப்பும் நிலையம் இருக்கிற ஊர்க்காரருக்கு உகந்தது. திருவொற்றியூரில் எழுந்த என்ஃபீல்டு நிறுவனம் முன்னொரு காலத்தில் டீசல் எஞ்சினோடு விற்ற மோட்டார் சைக்கிளை நினைவுகூர்கிறவர்களும் உண்டு. சிக்கனத்தில் அதற்கு ஈடு இல்லை. அதன் நடுக்கத்தைத் தாங்கி வெகுதூரம் பிரயாணம் செய்யத் தைரியமும் வேண்டியிருந்தது.

மைலேஜை அளப்பதிலும் நம்மவர்களுக்கு விநோதமான நம்பிக்கைகள் பல. நூறு ரூபாய்க்குக் கேட்டால் ஏமாற்றுவார்கள் என்று நூற்றுப்பத்து ரூபாய்க்குப் போடச் சொல்வது ஒன்று. விடியற்காலையில் பெட்ரோல் குளிர்ந்து சுருங்கியிருக்கும், ஆகவே அப்போது போட்டால் லாபம் என்பது மற்றொன்று. பத்து டிகிரி குளிர்ந்தால் லிட்டருக்குப் பத்து மில்லி சுருங்கும் என்பது உண்மையே. ஆனால் பங்கின் தொட்டி பூமிக்கு அடியில் இருப்பதால், காலைக்கும் மத்தியானத்துக்கும் உள்ளே உஷ்ண பேதம் இராது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாங்கை ஒரே மட்டத்துக்கு நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்துச் சில தடவை அவ்வாறே நிரப்பிச் சராசரி பார்ப்பது ஒன்றே நம்பத்தக்க முறை.

மறுபடி எத்தனாலுக்கு வருவோம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை, புகைக்குழாயில் பொருத்திய சென்சாரின் உதவியால் பெட்ரோலின் அளவைத் தாமே திருத்திக்கொள்கின்றன. கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வித்தை தெரியாது. அதன் ஜெட்டில் உள்ள துவாரம் ஒரே அளவுதான். போதாததற்கு, எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கவும் கூடும். ஆகையால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாயும் கார்புரேட்டரின் ரப்பர் வாஷர்களும் உப்பியோ வெடித்தோ போகாமல் இருக்கின்றனவா என்று சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டாங்க் மூடியின் ரப்பர் தேய்ந்து, ஐப்பசி அடைமழையில் தண்ணீர் கசிந்து இறங்கினால், இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அந்த அடியிலிருந்துதான். மழையில் நனைந்த வண்டி காலையில் கிளம்பி உடனே அணைந்துவிட்டால், கிக்கரை உதைத்துக்கொண்டே இராமல், கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறு ஸ்க்ரூவைத் தளர்த்தித் தேங்கியதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால், அடியில் வேறாகப் பிரிந்து நிற்கும் நீர் தெரியும்.